எடுத்து வளர்த்த பிள்ளைக்கு எந்தக் கதையைச் சொல்வது?



பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறேன். அப்போது நான் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். 'என் குடும்பம்' என்னும் தலைப்பில் ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு சிறுமி மட்டும் எழுதாமல் பென்சிலை மேசைமேல் உருட்டிக்கொண்டிருந்தாள். அருகில் சென்று காரணம் கேட்டேன். பக்கத்து மேசைச் சிறுவன் முந்திக்கொண்டான்: "சார், இவ எடுத்து வளர்த்த பிள்ளையாம். எங்க பாட்டி சொன்னாங்க."

சிறுமி அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "எடுத்து வளர்த்தாங்கன்னா, எங்கேயிருந்து சார் எடுப்பாங்க?" என்று கேட்டாள்.

எனக்கு விடை கூறத் தெரியவில்லை. "கடவுள் கொடுத்தாரம்மா" என்றேன். அவள் சற்று நேரம் சிந்தித்தாள். "அப்படின்னா கடவுள் ஏன் என்னை நேரா எங்க அம்மா வயித்துலயே வைக்கல?" என்றாள். அந்நேரம் மணி அடித்தது. அந்த மணியோசைக்கு அன்று நான் நன்றி கூறினேன். இன்று அதை எண்ணி நாணுகிறேன்.

அச்சிறுமி கேட்ட இரண்டு கேள்விகளே இன்றைய உரையின் பொருள். தத்தெடுக்கப்பட்ட குழந்தைக்கு அதன் பிறப்புச் செய்தியை நம் சமய மரபுக் கதைகளின் வழியாக எப்படிச் சொல்லலாம்? எந்தக் கதை துணைபுரியும்? எந்தக் கதை, நாம் நல்லெண்ணத்தோடு சொன்னாலும், குழந்தையைத் தனிமைப்படுத்தும்? ஆசிரியர்கள் நிறைந்த இந்த அவையில் இதைப் பேசுவது பொருத்தம் என்று கருதுகிறேன். பெற்றோர் சொல்லத் தயங்குவதைக் குழந்தை பல வேளைகளில் பள்ளியில்தான் முதலில் கேட்கிறது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'தத்து' என்பது கொடுக்கப்பட்டது என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. அது கொடுத்தவரின் பக்கம் நின்று பேசுகிறது. 'சுவீகாரம்' என்பது தனதாக்கிக்கொள்ளுதல். அது பெற்றுக்கொண்டவரின் பக்கம் நிற்கிறது. நம் தோட்டப்புறங்களில் வழங்கும் 'எடுத்து வளர்த்த பிள்ளை' என்னும் தொடரோ தூக்கிய கையைக் காட்டுகிறது. நம்மோடு வாழும் மலாய் மக்களும் 'அனாக் அங்காட்' என்கிறார்கள். 'அங்காட்' என்றாலும் தூக்குதல் என்றுதான் பொருள். இரு மொழிகளும் ஒரே செயலைக் கண்டிருக்கின்றன. நகரத்தார் வழக்கில் 'பிள்ளை கூட்டுதல்' என்பர். கூட்டுதல் என்பது சேர்த்தல். பிள்ளை ஒரு வீட்டோடு சேர்கிறது என்னும் பொருள் அதில் இருப்பதால், அச்சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரியவர்களுக்கு இவையெல்லாம் பழகிய சொற்கள். பொருளை எண்ணாமலே வழங்குகிறோம். ஏழு வயதுக் குழந்தையோ சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே கேட்கிறது. 'எடுத்தார்கள்' என்றால், கீழே கிடந்ததையா? கடையில் இருந்ததையா? பிறரிடம் கேளாமலா? அச்சிறுமி கேட்டது இலக்கணம் பிழையாத கேள்வி.

நம் பழைய இலக்கியம் இவ்விடத்தில் நமக்கு ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. அகத்திணை மரபில் தலைவிக்கு இரண்டு தாயர் உண்டு. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். இருவருக்கும் பாடலில் தனித்தனியே பேசும் உரிமை உண்டு. தலைவி தலைவனோடு உடன்போக்குச் சென்றபின் வீட்டிலிருந்து வருந்துபவள் நற்றாய். பாலை நிலத்தில் வழிப்போவாரை நிறுத்தி மகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே தேடிச் செல்பவள் செவிலி. ஒருத்தி மெய்யான தாய், மற்றொருத்தி போலித் தாய் என்று அம்மரபு பிரிக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு இரண்டு தாயர் இருப்பதைத் தமிழ் மனம் இயல்பாகவே ஏற்றிருந்தது.

இனி நாம் வாழும் இந்த மண்ணுக்கு வருவோம். கீழ்ப்பேராக் பகுதியிலும் பிற மாநிலத் தோட்டங்களிலும் சீனக் குடும்பங்களில் பிறந்து தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த பெண்கள் பலர் இருந்தனர். வறுமை, போர்க்காலப் பஞ்சம், பெண்பிள்ளையைச் சுமையாகக் கருதிய மனப்போக்கு முதலியவை அக்குழந்தைகளைக் கைமாறச் செய்தன. அவர்கள் தமிழ் பேசி, தீமிதித்து, காவடி எடுத்து, தமிழ்க் குடும்பங்களின் மூத்த தாய்மாராக வாழ்ந்தவர்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டதையும் நாம் அறிவோம். திரும்பி வராதவர்களின் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டாரும் உறவினரும் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார்கள். பால்மரம் வெட்டப் போன தாய்மாரின் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் ஒருத்தி கவனித்த சமுதாயம் இது. பிறர் பிள்ளையை அணைத்துக்கொள்ள நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அணைத்துக்கொள்ளத் தெரிந்த நமக்குச் சொல்லத்தான் தெரியவில்லை. லயத்தில் உள்ள எல்லா வீடுகளுக்கும் தெரிந்த செய்தி அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் மறைக்கப்பட்டது. தெரிந்தால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடுமோ என்னும் அச்சம், திருமணப் பேச்சில் சாதியும் பிறப்பும் குறுக்கே வருமோ என்னும் கவலை, இவையே காரணம். மறைத்தவர்கள் அன்பினால் மறைத்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஊர் அறிந்த மறைபொருள் என்றேனும் ஒருநாள் ஊராரின் வாயால்தான் வெளிவரும்.

இன்று அது வெளிவர மற்றொரு வழியும் உண்டு. நம் நாட்டில் தத்தெடுத்தலைப் பற்றிய இரண்டு சட்டங்கள் 1952ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுள்ளன. ஒன்று நீதிமன்ற ஆணையின் வழியாகத் தத்தெடுப்பது. மற்றொன்று, இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து வளர்த்த பிள்ளையைப் பதிவுத்துறையில் பதிந்துகொள்வது. இவ்விரண்டில் ஒன்றையும் செய்யாமல், வாய்ச்சொல்லை நம்பி வளர்த்த குடும்பங்கள் நம்மிடையே பல. பள்ளிப் பதிவின்போதும், 12 வயதில் அடையாள அட்டை எடுக்கும்போதும் பிறப்புப் பத்திரத்தைக் காட்டும் நாள் வருகிறது. ஓர் அரசாங்க முகப்பிடத்தின் முன் நின்றுகொண்டு, முன்பின் அறியாத அலுவலரின் வாயால், தான் யார் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டறியும் நிலை ஏற்படலாம். ஆகவே தாள்களை உரிய காலத்தில் ஒழுங்குசெய்வதும் அன்பின் ஒரு கூறே. கதை சான்றிதழாகாது; சான்றிதழும் கதையாகாது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

காலம் தாழ்ந்து, பகைவர் வாயால் பிறப்பை அறிந்த ஒரு பிள்ளையின் கதை மணிமேகலையில் உள்ளது. அவன் ஆபுத்திரன். காசியிலிருந்து குமரிக்குப் புறப்பட்ட சாலி என்பவள் வழியில் ஈன்று விட்டுச் சென்ற குழந்தை. ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. அவ்வழி வந்த இளம்பூதி என்னும் அந்தணன் குழந்தையை எடுத்து, தன் மகனென்றே கொண்டு, கல்வி கற்பித்து வளர்த்தான். பின்னொரு நாள் வேள்விக்காகக் கட்டியிருந்த பசுவை ஆபுத்திரன் விடுவித்தபோது, சினந்தவர்கள் அவன் பிறப்பைச் சொல்லி இகழ்ந்தார்கள். முனிவர் பலரின் பிறப்பை எடுத்துக்காட்டி அவன் துணிவோடு மறுமொழி கூறினான். ஆயினும் இளம்பூதி அவனை வீட்டை விட்டு நீக்கினான். தன் மகன் என்று கொண்டவன், ஊரார் சொல்லுக்கு முன் அச்சொல்லைக் காக்கவில்லை.

ஆபுத்திரன் மதுரைக்குச் சென்று, இரந்து பெற்றதை ஆதரவற்றோர்க்கு ஊட்டி, பின் சிந்தாதேவியிடம் அமுதசுரபி பெற்றான் என்பது நாம் வகுப்பில் நடத்தும் பகுதி. அவன் வீட்டை விட்டு வெளியேறிய பகுதியையும் நடத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள். அது சிறுவர்க்கான கதையன்று, வளர்ப்பவர்க்கான கதை.

மகாபாரதத்துக் கர்ணனின் நிலையும் அத்தகையதே. இராதையும் அதிரதனும் அவனுக்கு அன்பில் குறை வைக்கவில்லை. இராதேயன் என்னும் பெயரை அவன் விரும்பியே சுமந்தான். பெற்றவள் யாரென்று அவன் அறிந்தது எப்போது? போர் மூளும் வேளையில், அவனிடம் ஒன்றை வேண்டி வந்தவர்களின் வாயிலிருந்து. உண்மையானாலும், பேரத்தின் நடுவே சொல்லப்பட்டதால் அது அவனுக்கு ஆறுதல் தரவில்லை. அப்போதும் வளர்த்தவர்களை விட்டு வர அவன் மறுத்தான் என்பதை, உண்மை தெரிந்தால் பிள்ளை போய்விடும் என்று அஞ்சுவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இவ்விரு கதைகளாலும் நாம் அறிவது, பிள்ளைக்கு உண்மை இளமையிலேயே தெரிய வேண்டும். அதுவும் அதன்மேல் அன்புடையவர் வாயால் தெரிய வேண்டும் என்பது. இதற்குத்தான் குழந்தைப் பருவத்துக் கதைகள் பயன்படும். ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே வகையில் பயன்படுவதில்லை.

நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருவது ஆண்டாள் கதை. திருவில்லிபுத்தூரில் துளசிச் செடியின்கீழ்க் கிடந்த குழந்தையைப் பெரியாழ்வார் கண்டெடுத்துக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். இனிமையான கதை. தந்தையின் மகிழ்ச்சி முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுமியைப் போன்ற ஒரு குழந்தை இதைக் கேட்டால், "அங்கே யார் வைத்தார்கள்?" என்று கேட்கும். அதற்குக் கதையில் விடையில்லை. சனகன் உழுசாலில் கண்ட சீதையின் கதையும் அவ்வாறே. 'கடவுள் கொடுத்தார்' என்று நான் சொன்னதும் இவ்வகைக் கதைதான். அதில் பெற்றவள் மறைந்துவிடுகிறாள். அவளுக்கு மாறாக, பிரித்த பொறுப்பு கடவுளின்மேல் விழுகிறது. அதனால்தான் அச்சிறுமி கடவுளிடம் கணக்குக் கேட்டாள்.

வேறொரு நம்பிக்கையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் வயிற்றில் பிள்ளை தங்கும் என்பார்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்னும் பழமொழியையும் அதற்குத் துணையாகச் சேர்ப்பார்கள். புண்ணியத்திற்காக வளர்க்கிறோம் என்பாரும் உண்டு. இப்பேச்சுகள் பிள்ளையின் காதில் விழும்போது, தான் வேறொன்றைப் பெறுவதற்கான வழி என்றே அது விளங்கிக்கொள்ளும். எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சுமையைத் தரலாகாது.

முருகன் கதை சற்று வேறுபட்டது. நம் தெலுக் இந்தான் நகரத்தார் தண்டாயுதபாணி ஆலயத்தில் சித்ரா பௌர்ணமிக்குக் கூடும் பிள்ளைகள் அனைவரும் அறிந்த தெய்வம் அவன். கங்கை சுமந்ததால் காங்கேயன். சரவணப் பொய்கையில் தோன்றியதால் சரவணபவன். கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்ததால் கார்த்திகேயன். அவனைச் சுமந்தவர், ஏந்திய இடம், வளர்த்தவர் ஆகிய எல்லாமே அவன் பெயர்களில் பதிந்திருக்கின்றன. உமையம்மை வந்து அணைத்துக்கொண்ட பின்னும் கார்த்திகைப் பெண்கள் மறக்கப்படவில்லை. அவர்கள் பெயரால் விரதநாளே அமைந்தது. பெற்றோர் யாரென்று அறியப்படாத பிள்ளைக்கும், இல்லத்தில் சில காலம் வளர்ந்து பின் ஒரு குடும்பத்தை அடைந்த பிள்ளைக்கும் இக்கதை உதவும். பூச்சோங்கில் சுவாமி சத்தியானந்தர் தோற்றுவித்த சுத்த சமாஜத்தில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து, 2023இல் மறைந்த அன்னை மங்களத்தை, அவர் பெறாத பிள்ளைகள் 'அம்மா' என்றே அழைத்தனர் என்பதையும் இக்கதையோடு சேர்த்துச் சொல்லலாம்.

ஆயினும், சிறுவர்க்குச் சொல்ல ஒரே ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் சுந்தரர் கதையையே தேர்வேன். சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் அக்கதையைச் சுந்தரர் தடுத்தாட்கொள்ளப்பட்ட மணப்பந்தலிலிருந்தே நாம் பெரும்பாலும் தொடங்குகிறோம். அதற்கு முன்னுள்ளதை ஐந்து வயதுக் குழந்தைக்கு இப்படிச் சொல்லலாம்:

"திருநாவலூர் என்று ஓர் ஊர். அங்கே ஆரூரன் என்று ஒரு சின்னப் பையன் இருந்தான். அவனுடைய அப்பா பெயர் சடையனார். அம்மா பெயர் இசைஞானியார். ஒரு நாள் அவன் தெருவில் சின்னத் தேரை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அந்த வழியாக நரசிங்கமுனையரையர் என்னும் அரசர் வந்தார். அவருக்குப் பையனை மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் அவர் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. அவன் அம்மா அப்பாவிடம் போய், 'இவனை நான் என் மகனாக வளர்க்கலாமா?' என்று கேட்டார். அவர்கள் அவருக்கு நண்பர்கள். சரி என்றார்கள். ஆரூரன் அரண்மனையில் வளர்ந்தான். அவனுக்கு இரண்டு அப்பா. இரண்டு பேரையும் அவன் மறக்கவே இல்லை."

இச்சிறு கதைக்குள் எத்தனை செய்திகள் உள்ளன என்று பாருங்கள். அரசர் கேட்டுப் பெற்றார். "எங்கேயிருந்து எடுப்பாங்க?" என்னும் கேள்விக்கு இங்கு விடை இருக்கிறது: ஒரு வீட்டிலிருந்து, பெயருள்ள மனிதர்களிடமிருந்து, அவர்களைக் கேட்டு. அரண்மனையில் வளர்ந்தபோதும் பிள்ளை தன் பிறந்த குலத்தின் மரபையும் கல்வியையும் இழக்கவில்லை. வளர்ந்தபின் திருமணத்திற்குப் பெண் பேசியவர் பெற்ற தந்தை சடையனார். இரண்டு வீடுகளுக்கும் இடையே கதவு திறந்தே இருந்தது.

பின்னர்ச் சுந்தரர் திருத்தொண்டத் தொகை பாடியபோது, தம்மை வளர்த்த அரசரை அடியார் வரிசையில் வைத்து வணங்கினார். தம்மைப் பெற்ற சடையனாரையும் இசைஞானியாரையும் அதே பதிகத்தில் நினைவுகூர்ந்தார். அறுபத்துமூவர் திருவுருவங்கள் உள்ள கோயிலில் வளர்த்த தந்தை, பெற்ற தந்தை, பெற்ற தாய் மூவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று அவ்வரிசையைக் காட்டினாலே போதும். நாம் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொன்னதாகும்.

கதை அதோடு முடியவில்லை. திருநாட்டியத்தான்குடியில் கோட்புலியார் தம் பெண்மக்களாகிய சிங்கடியையும் வனப்பகையையும் சுந்தரரின் தொண்டிற்கு ஒப்படைக்க விரும்பியபோது, சுந்தரர் அவ்விருவரையும் தம் மக்களாக ஏற்றார். அதன்பின் தம் பதிகங்களில் தம்மைச் சிங்கடியின் அப்பன், வனப்பகையின் அப்பன் என்று குறித்துக்கொண்டார். வளர்ப்புப் பிள்ளையாக வாழ்ந்தவர், வளர்ப்புத் தந்தையானபோது அதைத் தம் பெயராகவே எழுதிவைத்தார். மறைக்க வேண்டியதாக அவர் அதைக் கருதவில்லை.

இக்கதைக்கும் எல்லை உண்டு. சடையனார் நட்பின் காரணமாகப் பிள்ளையைக் கொடுத்தார். நம் பிள்ளைகளுள் பலர் வறுமையாலும் இறப்பாலும் துணையற்ற தாயின் துயரத்தாலும் கைமாறியவர்கள். ஆகவே "உன்னைப் பெற்றவர்களும் சடையனாரைப் போன்றவர்கள்" என்று தெரியாமல் சொல்லலாகாது. அரண்மனையைக் காட்டி, பிறந்த வீட்டைத் தாழ்த்தவும் கூடாது. கதையைச் சொன்னபின் கதையை நிறுத்திவிட்டு, இந்தப் பிள்ளையின் உண்மையை எளிய சொற்களில் சொல்ல வேண்டும். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும். வயது ஏற ஏற மீண்டும் சொல்ல வேண்டும்.

மூன்று கேள்விகள் எப்படியும் வரும். "என்னை ஏன் கொடுத்தார்கள்?" என்று கேட்கும் பிள்ளைக்கு, அது செய்த தவறு எதுவும் காரணமில்லை என்பது முதலில் தெரிய வேண்டும். "நீங்களும் என்னைக் கொடுத்துவிடுவீர்களா?" என்று கேட்டால், இல்லை என்னும் ஒரு சொல்லே விடை, குறும்பு செய்த நாளில் விளையாட்டாகக்கூட வேறு விடை கூறலாகாது. "நான் யாருடைய பிள்ளை?" என்னும் கேள்விக்குத்தான் சுந்தரர் கதை விடை கூறுகிறது. ஒருவரைச் சொன்னால் மற்றவரை மறுப்பதாக ஆகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்ப மரம் வரையச் சொல்லும்போது, ஒரு மரத்திற்கு ஒரே வேர்தான் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். 'நான் குழந்தையாக இருந்தபோது எடுத்த படம்' எல்லாரிடமும் இராது. வேறொரு பயிற்சியும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு பிள்ளையின் செய்தி நமக்குத் தெரிந்திருந்தால், பெற்றோர் கூறும்முன் நாம் கூறலாகாது. அதே வேளையில் சுந்தரர் கதையையும் கார்த்திகேயன் கதையையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொல்லிவைக்கலாம். அவற்றைக் கேட்டு வளர்ந்த பக்கத்து மேசைச் சிறுவன், 'எடுத்து வளர்த்த பிள்ளை' என்பதை ஏளனமாகச் சொல்லமாட்டான்.

அந்தச் சிறுமியின் இரண்டாம் கேள்விக்கு இன்றும் என்னிடம் விடையில்லை. கடவுள் ஏன் அவளை நேராக அவள் அம்மாவின் வயிற்றில் வைக்கவில்லை என்பதை நான் அறியேன். இன்று அவள் கேட்டால், தெரியாது என்றே சொல்லுவேன். பின் அவள் அருகில் அமர்ந்து, தெருவில் சின்னத் தேர் உருட்டிய ஒரு பையனைப் பற்றிச் சொல்லத் தொடங்குவேன். மணி அடித்தாலும் எழுந்து போகமாட்டேன்.